எல்லார்கிட்டயும் இருக்குன்னா, யாருங்க அந்த எல்லாரும்?

கோத்தகிரில செல் கடை வெச்சிருக்கறவன் போய் புள்ளைங்களுக்கு போன் வாங்கிக் குடுக்காதீங்கன்னு எழுதுனா சாராயக் கடைக்காரன் மதுவிலக்கு பேசுன கதைதான், எனக்கே தெரியும். ஆனா போன மாசம் கடைல நடந்தது மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு, எழுதாம விட்டா தூக்கம் வராது. நீளமாத்தான் வரும், டீ ஒண்ணு போட்டுட்டு வந்து படிங்க.

ஒரே வாரத்துல மூணு அம்மாங்க வந்தாங்க. மூணு பேரும் ஒரே எஸ்டேட், அதுலயும் ஒரே லயன் (தோட்டத் தொழிலாளிங்க குடியிருக்கற வரிசை வீடுங்க). திங்கக்கிழம வந்த அக்கா ஏழாவது படிக்கிற பையனுக்கு டச் போன் கேட்டாங்க. எதுக்குக்கா இப்பவேன்னு கேட்டேன். "லயன்ல எல்லாப் புள்ளைங்ககிட்டயும் இருக்குண்ணே, இவன் ஒருத்தன்தான் அடுத்தவன் போன எட்டி எட்டிப் பாத்துட்டு நிக்கறான், பாக்கவே பாவமா இருக்கு"ன்னாங்க. சம்பளம் வந்ததும் எடுத்துக்கறேன்னு ஒரு மாடல் பாத்து வெச்சுட்டுப் போனாங்க. புதன்கிழம அடுத்த அக்கா, அதே பேச்சு. சனிக்கிழம மூணாவது அக்கா வந்து "எல்லார்கிட்டயும் இருக்குண்ணே"ன்னு ஆரம்பிச்சப்ப எனக்கு லேசா சிரிப்பு வந்துருச்சு, யாரு யாருகிட்டக்கா இருக்குன்னு கேட்டேன். யோசிச்சு ரெண்டு பேரு சொன்னாங்க. திங்கக்கிழம அக்கா பையனும் புதன்கிழம அக்கா பையனும்!

அந்த லயனுக்கு பாதி ரீசார்ஜ் போடறது நான்தான். யார் வீட்ல எத்தன சிம்மு, எந்த வீட்டு டிஸ்ப்ளே உடஞ்சு கிடக்கு, யாரு இஎம்ஐ பாக்கி, எல்லாம் எனக்கு அத்துப்படி. அந்த மூணு பசங்கள்ல ஒருத்தன்கிட்ட கூட அன்னிக்கு போன் கிடையாது. ஒருத்தன் அவங்க அம்மாவோட போன வாங்கிட்டு வெளில வந்து நிக்கறது, அத இன்னொருத்தன் பாத்துட்டுப் போய் அவனுக்கு வாங்கிக் குடுத்துட்டாங்கன்னு வீட்ல சொல்றது, அவ்வளவுதான். மூணு அம்மாவுக்கும் வாங்கிக் குடுக்க இஷ்டம் இல்ல, மூணு பேர்கிட்டயும் காசும் இல்ல, மூணு பேரும் மத்த ரெண்டு பேரப் பாத்து பயந்து என் கடைக்கு வந்திருக்காங்க.

நான் சொல்ல வந்தது இதுதான். எந்த வயசுல போன் குடுக்கலாம்னு இன்னிக்கு எந்த வீட்லயும் அப்பா அம்மா முடிவு பண்றது இல்ல, பக்கத்து வீடு முடிவு பண்ணுது. அந்தப் பக்கத்து வீட்டுக்கு நம்ம வீடு முடிவு பண்ணுது.

என் கதையும் சொல்லிடறேன், இல்லைன்னா ஊருக்கு உபதேசம்னு கமெண்ட்ல கிழிப்பீங்க. 2020 மார்ச்ல ஸ்கூல் மூடுனாங்க, ஒண்ணாவதுல இருந்து எட்டாவது வரைக்கும் திரும்பத் திறந்தது 2021 நவம்பர் 1-ந் தேதி. ஒண்ணரை வருஷத்துக்கு மேல. என் கடை ஓடுனதுலயே நல்ல யாவாரம் அப்பதான், வெக்கமா இருந்தாலும் உண்மை அதுதான். பொண்ணு அப்ப அஞ்சாவது. கடைக்கு வந்த பழைய போன் ஒண்ணுக்கு டிஸ்ப்ளே மாத்தி அவ கைல குடுத்தேன், செல் கடைக்காரன் மகளே அம்மா போன்ல கிளாஸ் கவனிக்கிறான்னு பேச்சு வரக்கூடாதுன்னு. ஸ்கூல் திறந்துச்சு, போன் மட்டும் திரும்பி வரல. குடுக்கத் தெரிஞ்ச எனக்கு திருப்பி வாங்கத் தெரியல.

ஒரு ரெண்டு வருஷம் கழிச்சு, ஆடி மாசக் காத்து மழைல ராத்திரி கரண்ட் போச்சு. நம்ம ஊரு குளிரு உங்களுக்குத் தெரியும், எட்டு எட்டரைக்கெல்லாம் கம்பளிக்குள்ள போயிடுவோம், உள்ள என்ன நடக்குதுன்னு எந்த அப்பனுக்கும் தெரியாது. ஒரு மணி வாக்குல எந்திரிச்சு மெழுகுவத்தி தேடறேன், வீடே கும்மிருட்டு, அவ கம்பளி மட்டும் உள்ள விளக்கு வெச்ச கூடாரம் மாதிரி நீலமா எரியுது. இழுத்துப் பாத்தா தப்புத்தண்டா ஒண்ணும் இல்ல. கிளாஸ் பொண்ணுங்க நாப்பது பேரு சேந்து வெச்சிருக்கற குரூப்பு, அன்னிக்கு ராத்திரி மட்டும் அறநூறு மெசேஜுக்கு மேல ஓடியிருக்கு. ஏம்மா தூங்கலன்னு கேட்டதுக்கு அவ சொன்னது இன்னும் காதுல இருக்கு: "நான் தூங்கிட்டா என்னப் பத்திப் பேசுவாங்கப்பா."

எட்டாவது படிக்கிற புள்ள.

அன்னிக்கு போனப் புடுங்கி வெச்சிருந்தா அவ சொன்னதுதான் நடந்திருக்கும், அந்த நாப்பது பேர்ல இவ ஒருத்தி மட்டும் வெளில நின்னுருப்பா. அதனால வேற ஒண்ணு பண்ணேன், கடைக்கு வர்றவங்கள்ல அந்தக் கிளாஸ் புள்ளைங்களோட அப்பா அம்மா யாருன்னு பாத்து மூணு வீட்டுக்கு போன் போட்டேன். மூணு வீட்லயும் அதே கூத்து. நாலு வீடும் சேந்து ராத்திரி ஒம்பது மணிக்கு மேல போன் சமையக்கட்டு ஷெல்ஃப்ல தான்னு பேசி வெச்சோம். நாப்பதுல நாலு தானேன்னு நெனச்சேன், ஒரே வாரத்துல ராத்திரி அரட்டை படுத்துருச்சு. அந்த குரூப்புல அதிகமா வாய் பேசுனதே எங்க நாலு புள்ளைங்கதான்னு அப்பறம் தெரிஞ்சது, அத விடுங்க.

கொஞ்ச நாள் முன்னாடி ஒண்ணு படிச்சேன். அயர்லாந்துல டப்ளினுக்குத் தெற்க கிரேஸ்டோன்ஸ்னு ஒரு ஊரு, ஜனத்தொகைல கிட்டத்தட்ட நம்ம கோத்தகிரி சைஸ்தான். 2023-ல அந்த ஊர்ப் பக்கம் இருக்கற எட்டு தொடக்கப் பள்ளிக்கூடத்துப் பெத்தவங்க சேந்து, ஹைஸ்கூல் போற வரைக்கும் புள்ளைங்களுக்கு ஸ்மார்ட்போன் வேண்டாம்னு அவங்களுக்குள்ளயே ஒப்பந்தம் போட்டுக்கிட்டாங்க. சட்டம் கிடையாது, அபராதம் கிடையாது, வேணுங்கறவங்க வாங்கிக்கலாம். ஆனா ஊரே சேந்து சொன்னப்பறம் புள்ள வந்து "எல்லார்கிட்டயும் இருக்கு"ன்னு சொல்ல முடியாது பாருங்க. இத நாம பண்ண முடியாதா? திருவிழாவுக்கு வீட்டுக்கு இவ்வளவுன்னு வரி போட்டு கரெக்டா வசூல் பண்ற லயன்தானே, ஒரு ஹட்டில, அதான் படுகர் ஊர்ல, ஒரு முடிவுன்னா மொத்த ஹட்டியும் கட்டுப்படற ஊருதானே இது.

சட்டம் பாத்துக்கும்னு உக்காந்திருந்தா ஆகாது. ஆஸ்திரேலியால 2025 டிசம்பர் 10-ல இருந்து 16 வயசுக்குக் கீழ இன்ஸ்டா, டிக்டாக்கு, யூடியூப்ல எல்லாம் அக்கவுண்ட் வெச்சிருக்கக் கூடாதுன்னு சட்டம், விட்டா கம்பெனிக்குத்தான் அபராதம், புள்ளைக்கோ பெத்தவங்களுக்கோ இல்ல. நம்ம நாட்டுல 2023-ல வந்த டேட்டா பாதுகாப்புச் சட்டத்துல 18-க்குக் கீழ எல்லாரும் குழந்தைன்னு இருக்கு, அவங்க தகவல எடுக்க பெத்தவங்க சம்மதம் வேணும்னு இருக்கு. ஆனா இன்ஸ்டா கேக்கற அந்த 13 வயசு எங்கிருந்து வந்துச்சுன்னு நெனைக்கறீங்க? டாக்டரு யாரும் சொன்னது இல்ல, 1998-ல அமெரிக்கால சின்னப் புள்ளைங்க தகவல கம்பெனிங்க இஷ்டத்துக்கு எடுக்கக் கூடாதுன்னு போட்ட சட்டத்துல 13-க்குக் கீழன்னு ஒரு கோடு, அதத்தான் உலகம் பூரா புடிச்சுட்டுத் தொங்குது. அந்தக் கோட்டையும் நம்ம பசங்க ரெண்டு செகண்ட்ல தாண்டறாங்க, என் கடை கவுண்டர்ல நின்னுட்டே பொறந்த வருஷம் 1999-ன்னு தட்டுனான் ஒருத்தன். அவங்க அம்மாவே 1990-லதான் பொறந்திருப்பாங்க.

இன்னொண்ணு, இத செல் கடைக்காரன்தான் சொல்ல முடியும். பதினெட்டு வயசு ஆகாதவங்களுக்கு சிம் கிடையாது. அப்ப புள்ள கைல இருக்கற சிம் யாரு பேர்ல? அம்மா பேர்ல. நாள் பூரா கொழுந்து பறிச்சு ரேகை தேஞ்சு போயிருக்கும், மெஷின்ல மூணு விரல் மாத்தி மாத்தி வெச்சாலும் எடுக்காது, கையத் தொடச்சுட்டு வாங்கக்கான்னு தண்ணி குடுத்து திரும்ப வெக்கச் சொல்லுவேன், அப்படி வாங்கற சிம்மு அது. அந்த நம்பர்ல இருந்து எவனுக்கோ கன்னாபின்னான்னு மெசேஜ் போனாலும், கேம்ல காசு போனாலும், போலீஸு தேடி வர்றது அந்தத் தேஞ்ச ரேகையத்தான். அதே அக்காதான் ரெண்டு மாசம் கழிச்சு வந்து "பையன் பேட்டர்ன் போட்டுட்டு சொல்ல மாட்டேங்கறாண்ணே, எடுத்துக் குடுங்க"ன்னு நிப்பாங்க. சிம்மு உங்க பேரு, இஎம்ஐ உங்க பேரு, பூட்டு மட்டும் அவன் பேரு.

காசுக் கணக்கும் பாருங்க. சொந்தமா ஒரு ஏக்கரு தேயிலை வெச்சிருக்கற வீட்ல, பச்சத் தேயிலை கிலோ இருபது ரூபான்னு வெச்சாலும் (அதுகூட நிக்காத மாசமெல்லாம் பாத்தாச்சு) பன்னண்டாயிரம் ரூபா போனு 600 கிலோ கொழுந்து, கூலி உரமெல்லாம் கழிக்காமயே. அது ஒரு தடவ கீழ விழுந்து டிஸ்ப்ளே போச்சுன்னா இன்னொரு 150 கிலோ.

இப்ப நீங்க கேக்கப் போறதுக்கு வரேன். கரடி, காட்டுமாடு நடமாடற ஊர்ல புள்ள கைல போன் இல்லாம எப்படி? இது நியாயமான கேள்வி, கீழ சமவெளில இருக்கறவங்களுக்கு இது புரியாது. சாயங்காலம் அஞ்சரை மணிக்கு பனிமூட்டம் இறங்குனா பத்தடி தூரத்துல என்ன நிக்குதுன்னு தெரியாது, மினி பஸ் வரலைன்னா புள்ள தேயிலைக்குள்ள நடந்து வரணும், பெத்த வயிறு பதறத்தான் செய்யும். ஆனா அதுக்கு டச் போன் எதுக்கு? பேசறதுக்கு பட்டன் போன் போதும். ஆயிரத்தஞ்சூறு ரூபாய்க்குள்ள முடியும், சார்ஜ் மூணு நாள் நிக்கும், டார்ச் இருக்கும், விழுந்தாலும் எடுத்துத் தொடச்சுட்டுப் பேசலாம். வால்பாறைல யானை எந்தப் பக்கம் நிக்குதுன்னு லயன் ஜனங்களுக்கு வருஷக்கணக்கா எஸ்எம்எஸ்லயும் வாய்ஸ் கால்லயும்தான் சொல்லிட்டு இருக்காங்க, அதுக்கு பட்டன் போன் தாராளம். ரீல்ஸ் பாத்துட்டே குனிஞ்ச தல நிமிராம நடக்கற பையன் காட்டுமாட்டு மேலயே போய் முட்டுவான், அந்த பயம் எனக்கு ஜாஸ்தி. அப்பறம் எந்த போனையும் ரொம்ப நம்பாதீங்க, 2019 ஆகஸ்ட்ல நம்ம நீலகிரி அவலாஞ்சில ஒரே நாள்ல 80 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சே, அந்த மழைல எங்க பக்கமும் கரண்ட் போயி டவரும் போயிருச்சு, என் கடைல இருந்த அத்தன போனும் வெறும் டப்பாதான். அன்னிக்கு புள்ளைங்கள பக்கத்து வீட்டு ஆயாதான் பாத்துக்கிச்சு.

வெளில போயி விளையாடச் சொல்லுங்கன்னு டிவில டாக்டருங்க சொல்றதும் நமக்கு அப்படியே ஆகாது. ஜூன்ல புடிச்சா ஆகஸ்ட் வரைக்கும் நசநசன்னு மழை, இருட்டுனா சிறுத்தை பயம், சமமா ஒரு கிரவுண்டு கிடைக்கறதே கஷ்டம், பந்து உருண்டா பள்ளத்துலதான் போயி எடுக்கணும். இந்த இடத்துல எனக்கு சுலபமான பதில் இல்ல. மழை மாசத்துல புள்ளைங்க டிவிதான் பாக்கும். நடு வீட்ல எல்லாரும் பாக்கற டிவின்னா என்ன ஓடுதுன்னு நமக்குத் தெரியும், கம்பளிக்குள்ள ஓடறது தெரியாது, வித்தியாசம் அவ்வளவுதான்.

ஸ்கூலுக்கும் ஒரு வார்த்தை. எந்த ஸ்கூலுன்னு சொல்லல, ஆனா ராத்திரி எட்டரை மணிக்கு வாட்சப்ல வீட்டுப்பாடம் போடறது எதுக்குங்க? டைரில எழுதி விட்டா ஆகாதா? அம்மா வேலை முடிச்சு வந்து சோறு பொங்கிட்டு இருக்கும்போது "மிஸ்ஸு ஹோம்வொர்க் போட்ருக்காங்க"ன்னு போன வாங்கறவன் ஹோம்வொர்க் பாக்கறது அஞ்சு நிமிஷம். கொரோனால வந்த பழக்கம், கொரோனா போயும் போகல. ஒரு பக்கம் போனக் குறைங்கன்னு மீட்டிங் போட்டு பேசறது, இன்னொரு பக்கம் மீட்டிங் தேதியையே வாட்சப்ல அனுப்பறது.

என் கணக்கக் கேட்டா, ஆறாவதுல பஸ் ஏறி ஸ்கூல் போற புள்ளைக்கு பட்டன் போன். டச் போன் பத்தாவது பரீட்சை முடிஞ்ச மறுநாள், அதுவும் ராத்திரி சமையக்கட்டுல சார்ஜ் போடற கண்டிஷனோட. டெக்னாலஜில பின்தங்கிடுவான்னு சொல்றவங்களுக்கு, என் அம்மா எழுபது வயசுல யூடியூப் கத்துக்கிச்சு, நாலு நாள் ஆச்சு. பதினாறு வயசுப் பையனுக்கு நாலு மணி நேரம் போதும். பதினாறுங்கறது வேதவாக்கு இல்ல, உங்க கிளாஸ் பெத்தவங்க பதினஞ்சுன்னு முடிவு பண்ணாலும் சரி, சேந்து பண்ணுங்கன்னுதான் சொல்றேன். ஜூன்ல ஸ்கூல் திறந்து நடக்கற முதல் பெத்தவங்க மீட்டிங்ல ஒரு பத்து பேரு எந்திரிச்சு பேசுனா போதும்.

அந்த மூணு அக்காவும் என்ன ஆனாங்கன்னு சொல்லலையே. சனிக்கிழம வந்தவங்க கடைல இருந்தப்பவே மத்த ரெண்டு பேருக்கும் என் போன்லயே போட்டுக் குடுத்தேன். "ஏன்டி, நீ வாங்கலையா? நீ வாங்கிட்டன்னுல்ல நெனச்சேன்"னு மாத்தி மாத்தி சிரிப்பு. மூணு பேரும் இந்த வருஷம் வேண்டாம்னு பேசிக்கிட்டாங்க. சனிக்கிழம அக்கா பட்டன் போன் ஒண்ணு எடுத்துட்டுப் போனாங்க, பையன் மறுநாளே வந்து மெமரி கார்டுல பாட்டு ஏத்திக் குடுங்க அங்கிள்னு நின்னான், மூஞ்சில கொஞ்சம் கடுப்பு இருந்துச்சு, ஆனா ஏத்திக்கிட்டான்.

பத்து நாள் கழிச்சு திங்கக்கிழம அக்கா வந்தாங்க. கைல புது டச் போன். குன்னூர்ல வேற கடைல இஎம்ஐல எடுத்திருக்காங்க, பையன் ரெண்டு நாள் சாப்புடாம அடம் புடிச்சானாம். என் மூஞ்சியப் பாக்காம "டெம்பர் கிளாஸ் மட்டும் ஒட்டிக் குடுங்கண்ணே, அவளுங்ககிட்ட சொல்லிடாதீங்க"ன்னாங்க. ஒட்டிக் குடுத்தேன், நூறு ரூபா. அன்னிக்கு சாயங்காலமே புதன்கிழம அக்கா போன் பண்ணி, அந்த மாடலு என்ன வெலண்ணேன்னு கேட்டாங்க.