சின்னம்மாட கடன் கொப்பியும் வோல்ஸ்ட்ரீட் புத்தகமும்

பைனான்ஸ் புத்தகம் எண்டாலே நம்மட ஆக்கள் அது கொமர்ஸ் படிச்ச ஆக்களுக்கு எண்டு தள்ளி வெச்சிருவாங்க. நான் போன கிழமை ரொஜர் லோவன்ஸ்டீன் 2000ல எழுதின 'வென் ஜீனியஸ் ஃபெயில்ட்' புத்தகத்த ரெண்டாந்தரமும் வாசிச்சி முடிச்சன், ராவு கரண்ட் போயும் வெக்க மனமில்லாம போன் லைட்டப் பிடிச்சி வாசிச்ச, அவ்வளவுக்கு இழுத்துக்கொண்டு போகும்.

புத்தகத்துல இரிக்கிற கதை இதுதான்: 1994ல ஜோன் மெரிவெதர் எண்ட ஆள் அமெரிக்காவுல லோங் டேர்ம் கெப்பிட்டல் மெனேஜ்மென்ட் எண்டு காசு முதலீடு செய்யிற ஒரு கொம்பனி தொடங்கின. கூட்டாளிகள்ல ரெண்டு பேர், மேர்ட்டனும் ஷோல்ஸும், 1997ல பொருளாதாரத்துக்கு நோபல் பரிசு எடுத்த ஆக்கள். கையில இரிக்கிற ஒரு டொலருக்கு 25 டொலருக்கு மேல கடன் வாங்கி உலகம் முழுக்க போட்டாங்க. ஒரு இடத்துல நட்டம் வந்தா மத்த இடம் தாங்கும், எல்லாம் ஒரே நேரத்துல விழாது எண்டுதான் கணக்கு. 1998 ஆவணியில ரஷ்யா கடன் கட்ட ஏலா எண்டு கைய விரிச்ச உடன எல்லாரும் பயந்து ஒண்டா விக்கத் தொடங்கிட்டாங்க, தனித்தனி எண்டு நினைச்சதெல்லாம் சேந்து விழுந்திச்சி. கொஞ்ச மாசத்துல 400 கோடி டொலருக்கு மேல போச்சி.

இந்த இடத்த வாசிக்கக்குள்ள எனக்கு சின்னம்மாட கொப்பிதான் ஞாபகம் வந்த. சின்னம்மா படுவான்கரை, வெல்லாவெளிப் பக்கம். அஞ்சி பொம்புளைகள் சேந்து ஒரு குழு லோன், ஒராள் கட்டாட்டி மத்த நாலு பேரும் கட்டணும், செவ்வாய்க்கிழமைக்கு செவ்வாய்க்கிழமை மாமரத்துக்குக் கீழ மீட்டிங். கொப்பிக்கு பொலித்தீன் கவர் போட்டு வெச்சிரிக்கா, பக்கம் பக்கமா ஒபிசர்ட கையெழுத்து, 2014 மார்கழியில மட்டும் மூணு வரி வெறுமையா கிடக்கு. அந்த வெள்ளத்துல அஞ்சி பேர்ட வயலும் ஒண்டாத்தான் தாண்டது. மறுகா இன்னொரு கொம்பனியில எடுத்து இதக் கட்டி, அதக் கட்ட தோட்ட அடகு வெச்சி, அது முடிய ஏழு வருசம்.

ஒரே தண்ணியில நிக்கிற அஞ்சி பேர ஒராளுக்கொராள் பிணை வெச்சா அது பிணையே இல்ல. நோபல் எடுத்தவங்க விட்ட அதே பிழை.

நம்மட கடைகள்ல நான் பாக்கிற தமிழ்ப் புத்தகமெல்லாம் பணக்காரராகிறது எப்படி எண்டுறதுதான். விழுந்தவன்ட கதைய எழுதுங்க. 2022 சித்திரையில நம்மட நாடே வெளிநாட்டுக் கடன் கட்ட ஏலா எண்டு அறிவிச்சது, எந்த ரூமுல யார் என்ன கதைச்சாங்க, யார் எச்சரிச்சாங்க, யார் கேக்கல்ல எண்டு ஆள் ஆளா தமிழ்ல எழுத ஒரு ஆள் வேணும். அமெரிக்காட 2008 நிதி நெருக்கடியப் பத்தின 'த பிக் ஷோர்ட்' மாதிரிப் புத்தகங்கள் செய்யிற வேலை அதுதான், அதனாலதான் கீழ வெக்க ஏலாம இரிக்கு.

முந்தநாள் சின்னம்மாவுக்கு இந்தக் கதைய முழுசா சொன்னன். வாயத் திறக்காம கேட்டுட்டு, "மறுகா அவங்கள என்ன செய்த?" எண்டா. அமெரிக்க மத்திய வங்கிட நியூயோர்க் கிளை, நியூயோர்க் பெடரல் ரிசேர்வ், கூப்பிட்டு இருத்தி 14 பேங்க் சேந்து 360 கோடி டொலர் போட்டுத் தாங்கினாங்க, மெரிவெதர் 1999லயே அடுத்த கொம்பனி தொடங்கிட்டார் எண்டன்.

"எங்களுக்கு மூணு கிழமை பொறுக்கல்லியே மனே."