மங்க் சுற்றினார், நாம் சிரித்தோம்

ஞாயிற்றுக்கிழமை காரைக்குடித் திரையிடலைப் பற்றி ஆளாளுக்கு எழுதிவிட்டார்கள். "அருமையான மாலைப்பொழுது" என்ற பதிவுகளுக்கு விருப்பக்குறி இட எனக்கு மனம் வரவில்லை. 1988இல் வெளிவந்த 'ஸ்ட்ரெய்ட், நோ சேசர்' ஆவணப்படத்தில், அமெரிக்க ஜாஸ் இசைக்கலைஞர் தெலோனியஸ் மங்க் பியானோவை விட்டு எழுந்து நின்ற இடத்திலேயே சுற்றியபோது அரங்கு கொல்லென்று சிரித்தது. படம் முடிந்தபின் நடந்த கலந்துரையாடலோ அவருக்கு என்ன நோய் என்பதிலேயே கழிந்தது. இசையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அவர் சுற்றும்போது அவர் குழுவின் சார்லி ரௌஸ் சாக்ஸபோன் வாசித்துக்கொண்டிருக்கிறார் என்பதையாவது கவனித்தோமா? தம் முறை வந்ததும் மங்க் பியானோவுக்குத் திரும்பிக் கணக்குப் பிசகாமல் கைவைக்கிறார். அதற்குள் நம் சிரிப்பில் அந்த இசை அமுங்கிப்போயிருந்தது.

"ஆவணப்படம் என்றால் வாழ்க்கையையும் பேசத்தானே வேண்டும்?" என்பார்கள். தாராளமாகப் பேசுங்கள். 1951இல் காரில் போதைப்பொருள் சிக்கியபோது, உடனிருந்த நண்பரைக் காட்டிக்கொடுக்க மறுத்ததால் இசைக்கலைஞர்களுக்கான உரிம அட்டையை இழந்து, மது பரிமாறும் நியூயார்க் விடுதிகளில் சுமார் ஆறு ஆண்டுகள் வாசிக்க முடியாமல் இருந்தவர் அவர். 1957இல் அதே நியூயார்க்கின் ஃபைவ் ஸ்பாட் விடுதிக்குச் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனுடன் வந்து அமர்ந்தார். இதுவும் வாழ்க்கைதான். இதைப் பேசியிருந்தால் விடியும்வரை உட்கார்ந்து கேட்டிருப்பேன்.

எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் நாகஸ்வரக்காரர் முகப்பில் அமர்ந்து தோடியை இழைத்துக்கொண்டிருப்பார். பட்டாலைக் கூடத்தில் வைர விலையும் சீர்க் கணக்கும் உரத்த குரலில் நடக்கும். அப்பத்தா மட்டும் வளவு முற்றத்துத் தூணில் சாய்ந்து, வெற்றிலையை மெல்லாமல் கன்னத்தில் அடக்கிக்கொண்டு கேட்பார். யாராவது அழைத்தால் திரும்பாமலே கையை உயர்த்துவார். அவருக்கும் இந்த ஊரில் கிறுக்கி என்றுதான் பெயர்.

"காரைக்குடியில் உட்கார்ந்துகொண்டு ஜாஸ் மேதாவித்தனமா?" என்று ஒருவர் கேட்டே விட்டார். பர்மாத் தேக்கும் இத்தாலியச் சலவைக்கல்லும் பெல்ஜியம் கண்ணாடியும் கப்பலேறி வந்து நம் வீடுகளில் குடியேறியபோது யாரும் பூர்வீகம் விசாரிக்கவில்லை, ஐயா. பியானோவுக்கு மட்டும் எதற்கு இத்தனை விசாரணை? "சும்மா சிரித்தோம், அவமதிக்கவில்லை" என்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் எதுவுமில்லை. சற்று அமைதியாக இருங்கள் என்று நான் கேட்டபோது பின்வரிசையிலிருந்து "பாகவதருக்குக் கோபம் வந்துவிட்டது" என்று வந்த குரல் தெரிந்த குரல்தான், பெயர் எழுதப்போவதில்லை.

அடுத்த திரையிடலுக்கு அழைத்துச் செய்தி அனுப்பிய நண்பருக்கு: கலந்துரையாடலுக்கு முன் ஓர் உருப்படியையாவது குறுக்கீடின்றி முழுமையாக ஒலிக்கவிடுவதாக இருந்தால் வருகிறேன். இல்லையென்றால், என் நாற்காலியில் நன்றாகச் சிரிக்கத் தெரிந்தவர் ஒருவரை உட்காரவையுங்கள்.