மின்முனை எத்தனை ஆண்டு உழைக்கும்?

காற்றாலை மின்சாரத்திலேயே உரமும் எரிபொருளும் தயாராகப் போகின்றன என்ற செய்தியைப் படிக்கும்போதெல்லாம், காஸ்டிக் சோடா ஆலையில் வேலை பார்த்தவன் என்ற முறையில் எனக்குத் தோன்றும் முதல் கேள்வி, அதற்காகக் கரைசலுக்குள் மின்சாரத்தைச் செலுத்தும் உலோகத் தகடான மின்முனை எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதுதான்.

மின்சாரத்தால் ரசாயனம் தயாரிப்பது நமக்குப் புதிதல்ல. உப்புக் கரைசலில் மின்சாரம் செலுத்திக் காஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுக்கும் தொழிலில் முன்பு கிராஃபைட்டே நேர்முனை. அது தேயத் தேய முனைகளுக்கிடையே இடைவெளி கூடும், வோல்ட் ஏறும், கூடவே மின்கட்டணமும் ஏறும். 1960களில் ஹென்றி பீர், டைட்டேனியத்தின் மேல் ருத்தேனியம் ஆக்சைடு கலந்த சில மைக்ரான் பூச்சைப் பூசி இந்தத் தொல்லையைத் தீர்த்தார். காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகமும் இவ்வகை நேர்முனையை உள்நாட்டிலேயே உருவாக்கியது. மின்முனைகளும் கரைசலும் அடங்கிய தொட்டியான செல்லைத் திறக்கும்போது கரும்பூச்சு போய் உலோகத்தின் சாம்பல் நிறம் திட்டுத்திட்டாகத் தெரிந்தால், வோல்ட் ஏன் ஏறியது என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

காற்றாலை போன்ற மாசற்ற மின்சாரத்தால் நீரைப் பிரித்து எடுக்கும் பசுமை ஹைட்ரஜனிலும் இதே கதைதான். நீரைப் பிரிக்கும் கருவியான மின்பகுப்பானில், அமிலச் சவ்வு வகையில், ஆக்சிஜன் வெளியாகும் முனையில் தாக்குப்பிடிக்கும் வினையூக்கி இரிடியம் என்ற அரிய உலோகம். உலகம் முழுவதும் ஆண்டுக்கு ஏழெட்டு டன்தான் கிடைக்கிறது, அதுவும் பெரும்பாலும் தென்னாப்பிரிக்கப் பிளாட்டின சுரங்கங்களின் உபபொருளாக. காரக் கரைசல் வகைக்கு நிக்கலே போதும். ஆனால் மின்சாரம் நின்றவுடன் செல்களின் அடுக்கில் தங்கிய மின்னூட்டம் எதிர்த்திசையில் பாய்ந்து எதிர்முனையை ஆக்சிஜனேற்றம் செய்துவிடுகிறது. இடைவிடாத மின்சாரம் இருந்தால் இது பெரிய குறையில்லை. ஆரல்வாய்மொழிக் காற்று அப்படியா வீசுகிறது?

நைட்ரஜனையும் நீரையும் ஒரே செல்லில் நேரடியாக, உரத்தின் மூலப்பொருளான அம்மோனியாவாக்கும் ஆய்வுகளில் எனக்கு இன்னும் நம்பிக்கை பிறக்கவில்லை. அவற்றில் உண்டாகும் அளவு மிகச் சொற்பம் என்பதால், காற்றிலும் மூச்சிலும் கலந்துள்ள அம்மோனியாவையே விளைபொருளாக எண்ணிவிடும் ஆபத்து உண்டு. நைட்ரஜனின் எடை கூடிய, அரிதான வகையான நைட்ரஜன்-15 கொண்டு சரிபார்க்க வேண்டும் என்று 2019இல் ஓர் ஆய்வுக் குழு நெறிமுறையே வகுக்க வேண்டியதாயிற்று. 1913இல் ஜெர்மனியின் ஓப்பாவில் தொடங்கிய, நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் சேர்த்து அம்மோனியா தயாரிக்கும் ஹேபர்-போஷ் முறையின் இரும்பு வினையூக்கியை அப்படியே வைத்துக்கொண்டு, இயற்கை எரிவாயுவிலிருந்து எடுத்துவரும் ஹைட்ரஜனை மட்டும் அதற்குப் பதிலாக நீரிலிருந்து எடுப்பதே இப்போதைக்கு அறிவார்ந்த வழி என்பேன்.

தூத்துக்குடியில் இத்தகைய திட்டங்கள் பேசப்படும் இந்த நேரத்தில், ஒப்பந்தப்புள்ளி கோருபவர்கள் முதல் நாள் செயல்திறனோடு நின்றுவிடாமல், ஆயிரக்கணக்கான முறை நிறுத்தி ஓட்டிய பிறகு செல்லின் வோல்ட் எவ்வளவு ஏறியிருக்கும் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.