ஒரு ஆப்பிளுக்கு 400 டாலர்

விமானத்தில் சாப்பாட்டோடு பழம் கொடுப்பவர்கள், இறங்கும் முன் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டால் என்ன குறைந்துபோகும்? சென்னையிலிருந்து நியூசிலாந்தின் ஆக்லாந்து வந்த எங்கள் பெரியம்மா, அப்புறம் சாப்பிடலாம் என்று ஆப்பிளைக் கைப்பையில் போட்டுக்கொண்டார். கொண்டுவந்த உணவுப் பொருட்களைச் சொல்லவேண்டிய நுழைவுப் படிவத்தில் ஊறுகாய், பருப்புப்பொடி எல்லாம் ஒழுங்காகச் சொல்லியாயிற்று. விமானநிலைய அதிகாரிகள் அதைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். எக்ஸ்ரேயில் மாட்டியது ஆப்பிள். 400 நியூசிலாந்து டாலர் அபராதம், கையோடு நோட்டீஸ்.

சரி, மேல்முறையீடு செய்யலாமே என்று நான்தான் மல்லுக்கட்டி எழுதினேன். வயதானவர், முதல் பயணம், பழத்தைக் கொடுத்ததே விமானத்தில்தான், வேண்டுமென்று மறைக்கவில்லை. இதில் ஒன்றுகூட எடுபடவில்லை. சட்டம் எண்ணத்தைப் பார்ப்பதில்லையாம், தவறான அறிவிப்பு என்றாலே குற்றம். வழியில் குப்பைத்தொட்டி வைத்திருந்தோமே என்று ஒரு வரி வேறு. பெயரை மட்டும் மாற்றி எல்லோருக்கும் அனுப்பும் கடிதம்தான், சந்தேகமே இல்லை.

வெளிநாட்டுப் பழத்தோடு பூச்சியும் உள்ளே வந்துவிடுமோ என்ற அவர்கள் பயம் புரியாமல் இல்லை. 2015இல் ஆக்லாந்தின் கிரே லின் பகுதியில் பழ ஈ அகப்பட்டபோது அங்கிருந்து பழங்களை வெளியே கொண்டுபோகவே தடை போட்டார்கள். ஆனால் பழத்தை நீட்டிய விமானக்காரர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதுதான் எரிச்சல்.

பணத்தை அண்ணன் கட்டிவிட்டார். ரூபாயில் எவ்வளவு என்று பெரியம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.