குளத்தைப் பார்த்தது போதும், அடுப்படிக்குப் போங்கள்

கிராமங்களில் உதவிப் பணத்தில் நடக்கும் மீன் வளர்ப்பைப் பார்வையிடப் போகிறவர்கள் பெரும்பாலும் குளக்கரையோடு திரும்பிவிடுகிறார்கள். வலையை இழுக்கச் சொல்வார்கள், ரோகு துள்ளும், படம் எடுப்பார்கள். எத்தனை கிலோ, என்ன விலை என்று குறித்துக்கொண்டு வண்டி ஏறிவிடுவார்கள். வங்கதேசத்தில் மைமன்சிங் பக்கம் இப்படி ஒரு குழுவோடு போய்வந்ததிலிருந்து எனக்கு இதில் மனத்தாங்கல் உண்டு. அந்த மீனை யார் சாப்பிட்டார்கள் என்று யாருமே கேட்கவில்லை.

அங்கே வெள்ளத்துக்குப் பயந்து மண் கொட்டி மனையை உயர்த்தித்தான் வீடு கட்டுவார்கள். மண் எடுத்த பள்ளமே குளமாகிவிடும். 1989 முதல் 2003 வரை டென்மார்க் அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான டானிடாவின் பணத்தில் நடந்த திட்டம் இப்படிப்பட்ட குளங்களுக்காகக் கடனும் பயிற்சியும் கொடுத்தது. மேல்மட்டத்தில் மேய கட்லா, நடுவில் ரோகு, அடியில் மிர்கால்; மூன்றும் கெண்டை வகை. தீனிக்குத் தவிடும் கடுகுப் பிண்ணாக்கும். இன்று மைமன்சிங் அந்த நாட்டின் மீன் வளர்ப்புக்கே ஒரு பெரிய மையம். அந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்லவே மாட்டேன்.

ஆனால் கெண்டை வளர்ப்பில் வழக்கமாகச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் என்ன தெரியுமா? குஞ்சு விடுவதற்கு முன்னால் ரோட்டினோன் என்ற மீன்கொல்லி மருந்தைப் போட்டு, குளத்தில் ஏற்கெனவே இருக்கும் சிறு மீன்களைக் கொன்றுவிடுவது. அப்படிச் செத்ததில் மோலா என்ற பொடிமீனும் ஒன்று. விரல் நீளம்கூட வராது, குளத்திலேயே தானாகப் பெருகும். நாம் நெத்திலி தின்பதுபோல முள்ளோடு முழுசாகத் தின்னலாம். வைட்டமின் ஏ அதில் கொட்டிக் கிடக்கிறது. குளத்தில் வளர்க்கும் வெள்ளிக் கெண்டையில் அது பெயருக்குத்தான் இருக்கிறது.

டிரினிடாடில் பிறந்த சத்துணவு ஆய்வாளர் சகுந்தலா தில்ஸ்டெட் வங்கதேசத்தில் சத்துக்குறைவான குழந்தைகளுக்காக வேலை செய்தபோது, சிறு மீன் தின்றால் பிள்ளைகளுக்குத் தெம்பு வரும் என்று கிராமத்துப் பெண்கள் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டார். பிறகு அந்த மீன்களில் சத்து நிறைய இருப்பதை ஆய்வுக்கூடத்தில் காட்டினார். மோலாவைக் கெண்டையோடு சேர்த்து வளர்த்தாலும் கெண்டை விளைச்சல் பெரிதாகக் குறையாது என்பதும் தெரியவந்தது. 2021-இல் அவருக்கு உலக உணவுப் பரிசு கிடைத்தது. அந்தப் பெண்கள் சொன்னதைத் திட்டம் போட்டவர்கள் முதலிலேயே கேட்டிருந்தால் எத்தனை குளங்கள் தப்பியிருக்கும்!

அடுப்படிக்குப் போனால் கணக்கே மாறிவிடும். பெரிய மீன் பெரும்பாலும் சந்தைக்குப் போகிறது. வீட்டில் சமைத்தாலும் நல்ல துண்டு ஆண்கள் தட்டில்தான் விழுகிறது. பொடிமீனைக் காய்கறியோடு குழம்பு வைத்தால் எல்லார் தட்டுக்கும் வரும். அதிலும் தலையைக் கிள்ளி எறிந்துவிட்டால், கண்ணில் இருக்கும் வைட்டமின் ஏ அதோடு போய்விடும். இதெல்லாம் குளக்கரையில் நின்றால் தெரியுமா?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ரொம்ப ஏழை வீட்டுக்குக் குளமே கிடையாது. திட்டத்தைப் பார்வையிட வரும்போது அந்த வீட்டு வாசலுக்கு யாரும் போவதில்லை. போகவேண்டும். குளத்தைக் குத்தகைக்கு எடுக்க அவர்களுக்கு வழி இருக்கிறதா, மகசூல் பெருகியதும் உரிமையாளர் குளத்தைத் திரும்பப் பிடுங்கிக்கொள்கிறாரா என்று கேட்கவேண்டும்.

இப்படிப்பட்ட திட்டங்களுக்குப் பணம் கொடுப்பவர்கள், மதிப்பிடப் போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். உங்கள் படிவத்தில் கிலோவுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போடுங்கள்: போன வாரம் இந்த வீட்டின் தாயும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையும் எத்தனை நாள் மீன் சாப்பிட்டார்கள், எந்த மீன்? பதிலை அந்தத் தாயிடமே கேட்டு எழுதுங்கள்.