வண்டி இல்லை, தவணை மட்டும் இருக்கிறது

கார் நசுங்கினால் இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ளும் என்று டர்பனில் நம்மில் பலரும் நிம்மதியாக இருக்கிறோம். இன்சூரன்ஸ் கொடுப்பது அன்றைய தேதிக்கு அந்தக் காருக்கு என்ன விலையோ அதைத்தான். பேங்குக்கு நாம் எவ்வளவு கட்ட வேண்டியிருக்கிறது என்பது அவர்கள் கணக்கிலேயே கிடையாது. இந்த இரண்டு தொகைக்கும் நடுவில் விழுகிற துண்டு நம் பிள்ளைகள் தலையில் விடிகிறது. இதற்கு முதல் பொறுப்பு கார் விற்கிற டீலர்களும் கடன் கொடுக்கிற பேங்குகளும் என்பது என் உறுதியான கருத்து.

என் அக்கா மகன் ப்ராஸ்பெக்டனில் வேலை பார்க்கிறான். நைட் ஷிப்ட் முடிந்து என்2 சாலையில் வரும்போது பின்னால் வந்த ஒரு பக்கி (பின்புறம் திறந்த சின்ன சரக்கு வண்டி) இடித்து, கார் தடுப்புச் சுவரில் போய் மோதியது. முருகன் புண்ணியம், பையனுக்குப் பெரிய அடி இல்லை. இடித்தவருக்கு இன்சூரன்ஸ் இல்லை. அடுத்தவர் வண்டிக்கு நாம் செய்யும் சேதத்துக்காக இன்சூரன்ஸ் எடுத்தே ஆக வேண்டும் என்று தென்னாப்பிரிக்காவில் சட்டம் கிடையாது. ரோடு ஆக்சிடென்ட் ஃபண்ட் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். பெட்ரோல் போடும்போதெல்லாம் அதற்கு நாம் காசு கட்டுகிறோம்தான். ஆனால் அது உடம்பில் அடிபட்டவர்களுக்கும் உயிரிழந்தவர்களின் குடும்பத்துக்கும் மட்டும். வண்டிச் சேதத்துக்கு ஒரு சென்ட் வராது.

இன்சூரன்ஸ் சார்பில் சேதத்தை மதிப்பிடும் அசெஸர் வந்து பார்த்தார், ரைட்-ஆஃப், அதாவது பழுது பார்த்துக் கட்டுப்படியாகாது, என்று எழுதிவிட்டார். மாதம் பிறந்ததும் பேங்க் வழக்கம்போல டெபிட் ஆர்டரில் தவணையை அவன் கணக்கிலிருந்து தானாக எடுத்தது. "வண்டிதான் இல்லையே மாமா, எதுக்குக் காசு எடுக்கிறாங்க?" என்று கேட்டான். கடன் தீரும்வரை வண்டி பேங்க் பெயரில்தான் இருக்கும். அதனால் இன்சூரன்ஸ் பணம் முதலில் பேங்குக்குத்தான் போகும். அது போய்ச் சேர்ந்து கணக்கு முடியும்வரை தவணையை நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் நம் பெயர்தான் கெடும்.

துண்டு எப்படி விழுகிறது என்பதை ஒரு மாதிரிக் கணக்கில் காட்டுகிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். கார் 3 லட்சம் ரேண்ட். 72 மாதம், வட்டி 12 சதவீதம். இதில் 30 சதவீதம், அதாவது 90,000 ரேண்டை, பலூன் என்று கடைசி மாதத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். தவணை சுமார் 5,005 ரேண்ட் வரும். பலூன் இல்லையென்றால் 5,865. மாதம் 860 ரேண்ட் குறைகிறது என்றதும் இருபத்தைந்து வயதுப் பையன் சந்தோஷமாகக் கையெழுத்துப் போடுகிறான். இரண்டு வருஷம் கழித்துப் பாருங்கள். கட்டியது 1,20,000 ரேண்டுக்கு மேல். கடன் குறைந்தது வெறும் 54,000. இன்னும் 2,46,000 நிற்கிறது. அப்போது காரின் மதிப்பு 2,15,000 என்று வைத்துக்கொள்வோம். எக்ஸஸ், அதாவது கிளெய்மில் நாமே ஏற்க வேண்டிய பங்கு, 7,500 கழித்தால் பேங்குக்குப் போவது 2,07,500. மிச்சம் 38,500 ரேண்டை, இல்லாத காருக்காக, அவன் சம்பளத்திலிருந்து கட்ட வேண்டும். வேலைக்குப் போக வண்டியும் கிடையாது. ஷார்ட்ஃபால் கவர் என்று தனியாக ஒன்று இருக்கிறது. இந்தத் துண்டை அது கொடுக்கும். கட்டாமல் விட்ட தவணைக்கும் அதன் வட்டிக்கும் பொதுவாகக் கொடுக்காது. பலூன் போட்ட ஒவ்வொருவருக்கும் இது தேவை. ஆனால் விற்கும்போது சீட் கவர், விண்டோ டின்ட் என்று வரிசையாக நீட்டுகிற பத்து விஷயங்களில் ஒன்றாக இதையும் நீட்டினால், எது அவசியம் என்று அந்தப் பையனுக்கு எப்படித் தெரியும்?

இனி மதிப்பு. பாலிசியில் ரீட்டெய்ல், மார்க்கெட், டிரேட் என்று மூன்றில் ஒரு சொல் இருக்கும். டீலர் கடையில் விற்கிற விலை ரீட்டெய்ல். டீலர் நம்மிடம் வாங்குகிற விலை டிரேட். மார்க்கெட் என்பது பெரும்பாலும் இரண்டுக்கும் சராசரி. டிரான்ஸ்யூனியன் வெளியிடும் டீலர் கைடில் இருந்துதான் பெரும்பாலும் இந்த எண்களை எடுக்கிறார்கள். பிறகு ஓடிய கிலோமீட்டர், வண்டியின் நிலைமை என்று கழிப்பார்கள். வருஷத்துக்கு வருஷம் காரின் மதிப்பு இறங்குகிறது, பிரீமியம் மட்டும் பெரும்பாலும் இறங்குவதில்லை. இது நியாயமே இல்லை. மதிப்பைக் குறைக்கும்போது பிரீமியத்தையும் நாம் கேட்காமலே குறைக்க வேண்டும்.

அவர்கள் முதலில் சொல்கிற தொகை முடிந்த முடிவு இல்லை. நம்மவர்களுக்கு அதிகாரியிடம் எதிர்த்துக் கேட்கக் கூச்சம், அவசரம் வேறு, நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். அந்தத் தாளில் "இதோடு முழுவதுமாகத் தீர்ந்தது" என்று எழுதியிருக்கும். நாங்கள் அசெஸர் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கினோம். பழைய பம்பர் சேதம் என்று ஒரு தொகை கழித்திருந்தார்கள். அதைச் சரிசெய்த பேனல் பீட்டரின் (நசுங்கிய பாகங்களைச் சீர்செய்பவர்) பில் அக்கா வீட்டு அலமாரியில் இருந்தது. சர்வீஸ் புத்தகம், அதே மாடல், அதே வருஷம், கிட்டத்தட்ட அதே கிலோமீட்டர் ஓடிய கார்களின் விற்பனை விளம்பரங்கள், எல்லாவற்றையும் சேர்த்து எழுதி அனுப்பினோம். அந்தக் கழிவை எடுத்துவிட்டார்கள். துண்டு முழுதாக மறையவில்லை, ஆனால் குறைந்தது.

அவர்கள் இறங்கி வராவிட்டால், இன்சூரன்ஸ், பேங்க் மீதான புகார்களை விசாரிக்கும் நேஷனல் ஃபைனான்ஷியல் ஆம்புட் இருக்கிறது. முன்பு இன்சூரன்ஸுக்கும் பேங்குக்கும் தனித்தனியாக இருந்த ஆம்புட் அலுவலகங்கள் 2024 மார்ச் 1 முதல் ஒன்றாகிவிட்டன. முதலில் நிறுவனத்திடமே எழுத்தில் புகார் கொடுத்திருக்க வேண்டும். நமக்குச் செலவு கிடையாது. கிளெய்மையே மறுத்துவிட்டார்கள் என்றால், மறுப்புக் கடிதம் கிடைத்த நாளிலிருந்து 90 நாள் இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் நம் தரப்பைச் சொல்ல உரிமை உண்டு. இடித்தவரிடம் எக்ஸஸ் பணத்தைக் கேட்பதற்கு மூன்று வருஷம் வரை சட்டம் இடம் தருகிறது. இன்சூரன்ஸ் நிறுவனம் அவரிடம் வசூலிக்கப் போகிறதா, அதில் நம் எக்ஸஸும் சேர்ந்திருக்கிறதா என்று இப்போதே கேட்டு வையுங்கள்.

ஆனாலும் இதெல்லாம் பின்னால் ஓடுகிற ஓட்டம். மாற வேண்டியது டீலர் ஆபீஸ். பலூன் போட்டு விற்கிற ஒவ்வொரு காருக்கும், முதல் வருஷ முடிவில் கடன் இவ்வளவு நிற்கும், காரின் மதிப்பு இவ்வளவு இருக்கலாம், இரண்டாம் வருஷம் இவ்வளவு என்று ஒரே ஒரு பக்கம் எழுதி, வாங்குகிறவர் கையில் கொடுக்க வேண்டும் என்று சட்டம் வரட்டும். கடனைக் கணக்கிடும் கம்ப்யூட்டருக்கு இது ஒரு நிமிட வேலை. ஏன் கொடுப்பதில்லை? அந்தப் பக்கத்தைப் பார்த்தால் பாதிப் பேர் சின்னக் கார் வாங்குவார்கள்.

சட்டம் வரும்வரை நாம்தான் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். புது வண்டியை அம்மன் கோயிலுக்குக் கொண்டுவந்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டித் தேங்காய் உடைக்கிறோம். அப்போது சுற்றி நிற்கிற பெரியவர்களில் ஒருவராவது "பலூன் போட்டிருக்கா தம்பி? ஷார்ட்ஃபால் கவர் இருக்கா?" என்று கேளுங்கள். வாங்கிய பிறகும் அந்தக் கவரை எடுக்கலாம்.

வாங்குவதற்கு முன்பே கேட்டால் இன்னும் நல்லது. நேஷனல் கிரெடிட் சட்டப்படி, கடனுக்கான கொட்டேஷன் கொடுத்தபின் ஐந்து வேலை நாள் அது செல்லும். "இன்னிக்கே சைன் பண்ணணும்" என்று டீலர் சொன்னால் நம்பாதீர்கள். தாளை வீட்டுக்கு எடுத்து வாருங்கள். இந்த மாதம் யாராவது வாங்கப் போகிறீர்கள் என்றால் இன்பாக்ஸில் எழுதுங்கள், வருஷவாரிக் கணக்கை நானே போட்டுத் தருகிறேன். கடன் தொகை, வட்டி, மாதம், பலூன் சதவீதம், இந்த நான்கும் போதும்.