ஃபார் லாப் முதுகில் ஏற்றிய 68 கிலோ

ஃபார் லாப் என்ற பந்தயக் குதிரையைப் பற்றிப் பேச்செடுத்தாலே "அதைக் கொன்றது யார்?" என்றுதான் கேட்கிறார்கள். 1932 ஏப்ரல் 5ஆம் தேதி கலிஃபோர்னியாவில் அந்தக் குதிரை துடிதுடித்துச் செத்தது. பல வருடம் கழித்து அதன் மயிரைச் சோதித்தபோது ஆர்சனிக் தெரிந்தது. சரி, அந்த மர்மம் இருக்கட்டும். அது உயிரோடு இருந்தபோது நடந்ததுதான் எனக்கு ஆறவில்லை.

1926இல் நியூசிலாந்தில் பிறந்து, வெறும் 160 கினிக்கு (அன்றைய பிரிட்டிஷ் பணக் கணக்கு) ஏலம் போன குதிரை. சிட்னியில் வந்து இறங்கிய கோலத்தைப் பார்த்து உரிமையாளர் டேவிட் டேவிஸ் பயிற்சிச் செலவுக்கே கைவிரித்துவிட்டார். பயிற்சியாளர் ஹாரி டெல்ஃபோர்ட்தான் மூன்று வருடக் குத்தகைக்கு எடுத்து, மணல் மேடுகளில் ஓடவிட்டுத் தேற்றினார். முதல் பந்தயத்தில் கடைசி. அப்புறம்? மொத்தம் ஓடிய 51இல் 37 வெற்றி!

1930 நவம்பர் 1, சனிக்கிழமை காலை, அதைத் துப்பாக்கியால் சுட்டார்கள். நல்லவேளை, குண்டு படவில்லை. அன்று மதியமே ஓடி ஜெயித்தது. செவ்வாயன்று ஆஸ்திரேலியாவின் பெரிய பந்தயமான மெல்பர்ன் கோப்பை. அதே வாரம் இன்னும் இரண்டு பந்தயம். எட்டு நாளில் நான்கு ஓட்டம், நான்கும் வெற்றி.

அதற்குக் கிடைத்த பரிசு கூடுதல் எடை. ஹேண்டிகேப் பந்தயத்தில் நன்றாக ஓடும் குதிரைக்குச் சேணத்தில் ஈயம் வைத்துப் பாரம் கூட்டுவார்கள், மற்ற குதிரைகளுக்கும் வாய்ப்பு வேண்டுமே என்று. அந்த முறையே தப்பு என்று நான் சொல்லவில்லை. ஆனால் 1930 மெல்பர்ன் கோப்பையில் ஓட்டியையும் சேர்த்து ஏறக்குறைய 62.5 கிலோ சுமந்து ஜெயித்த குதிரைக்கு, அடுத்த வருடம் அதே கோப்பையில் 68 கிலோ! அதைச் சுமந்துகொண்டு ஏறக்குறைய 3200 மீட்டர் ஓட வேண்டும். எட்டாவதாக வந்தது. அதைத் தோல்வி என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

இத்தனைக்கும் நடுவில் டாமி உட்காக் என்ற பராமரிப்பாளர் ஒருவர் இருந்தார். குதிரையை 'பாபி' என்று செல்லமாகக் கூப்பிடுவார், லாயத்திலேயே படுத்துக்கொள்வார். மெக்சிகோவில் அதன் கடைசிப் பந்தயத்துக்கு அவர்தான் அதைத் தயார்செய்தார். குளம்பில் காயம், பழக்கமில்லாத தரை, அப்படியும் ஜெயித்தது. பதினாறு நாளில் செத்தும் போனது.

இன்று அதன் தோல் மெல்பர்னில், எலும்புக்கூடு வெலிங்டனில், 6.2 கிலோ இதயம் கான்பெராவில். அந்தப் பெரிய இதயத்தைப் பார்க்க இன்றும் கூட்டம் வருகிறது. பக்கத்திலேயே அந்த 68 கிலோவையும் ஒரு சேணத்தில் கட்டி வைத்தால் என்ன? வருகிறவர்கள் ஒருமுறை தூக்கிப் பார்க்கட்டும்.